புற்றுநோய் செல் கருநிலைக்குத் திரும்புகிறதா?

கேள்வி சுருக்கமாக இது: “ஸ்டெம் செல்லைக் கருநிலையில் நிறுத்தி வைக்கும் ஆக்ட்4, சாக்ஸ்2, நானாக் ஆகிய மரபணுக்கள் புற்றுநோயிலும் விழித்துக்கொள்கின்றன என்று படித்தேன். அப்படியென்றால் புற்றுநோய் என்பது வளர்ந்த செல் மறுபடி கருவாக மாறப் பார்ப்பதுதானா? அந்த மரபணுக்களை அடக்கிவிட்டால் நோயும் அடங்கிவிடுமா?”

பெரும்பாலான புற்றுநோய்களைப் பொறுத்தவரை என் பதில் ‘இல்லை’ என்பதுதான். கருநிலைச் செல்லின் வேகத்தைப் புற்றுநோய் எடுத்துக்கொள்கிறது, அதன் திறனை எடுத்துக்கொள்வதில்லை. வேகத்தைத் தருகிற மரபணுக் கூட்டம் ஒன்று, எந்தத் திசுவாகவும் மாறும் திறனைக் காக்கிற கூட்டம் வேறொன்று. ஸ்டெம் செல்லுக்குள் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பதால் நமக்கு ஒன்றாகத் தெரிகின்றன. இந்த இரண்டாவது கூட்டமும் நிஜமாகவே முழுமையாக இருக்கிற புற்றுநோய் வகை ஒன்று உண்டு. மருந்துக்கு மிக நன்றாகக் கட்டுப்படுகிற புற்றுநோய்களில் அதுவும் ஒன்று என்பதுதான் வியப்பு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். உடலின் எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய திறனைப் புளூரிபோடென்சி என்கிறார்கள், தமிழில் பன்முகத்திறன் என்று சொல்லலாம். கருவுற்ற சில நாட்களில், கருப்பையில் ஒட்டுவதற்கு முன்னால், கரு நீர் நிறைந்த ஒரு சிறு பந்து போல இருக்கும். அதன் உள்சுவரில் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் செல் கொத்துக்குத்தான் இந்தத் திறன் உண்டு. அதுவும் சில நாட்களுக்குத்தான். எலும்பு மஜ்ஜையிலும் ஸ்டெம் செல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது ரத்த வகைகளை மட்டுமே உண்டாக்கும். தோலின் ஸ்டெம் செல் தோலை மட்டும். இரண்டையும் ‘ஸ்டெம் செல்’ என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பன்முகத்திறன் பற்றிய ஆய்வே ஒரு கட்டியில்தான் தொடங்கியது. 1953இல் அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் லீராய் ஸ்டீவன்ஸ் என்பவர் சிகரெட்டின் பாகங்கள் எலிகளை என்ன செய்கின்றன என்று சோதித்துக்கொண்டிருந்தார். 129 என்ற வம்சத்து ஆண் எலி ஒன்றின் விரைப்பை வீங்கியிருந்தது. சிகரெட்டுக்கும் அந்த வீக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே இருந்தது டெரடோமா என்ற கட்டி.

டெரடோமாவின் மெல்லிய சீவல் ஒன்றைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது மறக்காது. ஓரிடத்தில் நீலம் பாய்ந்த கண்ணாடி போலக் குருத்தெலும்பு. அதற்குப் பக்கத்திலேயே சளி சுரக்கும் குடல் உறை. ஒட்டினாற்போல் ரோஜா நிறத் தசை நார்கள். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் நரம்புச் செல்கள் பூப்போல வட்டம் கட்டி நிற்கும், சில சமயம் ஒரு மயிர்க்கால்கூட இருக்கும். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் அச்சு அசலான திசு. எது எங்கே இருக்க வேண்டும் என்ற ஒழுங்குதான் இல்லை.

இத்தனையும் எங்கிருந்து வந்தன? 1964இல் கிளைன்ஸ்மித்தும் பியர்ஸும் இத்தகைய கட்டியிலிருந்து ஒற்றைச் செல்களைப் பிரித்தெடுத்து எலிகளுக்குள் வைத்தார்கள். ஒரே ஒரு செல்லிலிருந்து பலவகைத் திசுக்கள் கொண்ட முழுக் கட்டி வளர்ந்தது. அதாவது கட்டிக்குள் கருநிலைச் செல்லைப் போன்ற ஒன்று இருந்தது. அதற்குக் கருப்புற்றுச் செல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். 1970களின் நடுவில் ரால்ஃப் பிரின்ஸ்டரும், பிறகு பியாட்ரிஸ் மின்ட்ஸும் கார்ல் இல்மென்ஸியும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அந்தச் செல்களை ஆரம்பநிலை எலிக் கருவுக்குள் செலுத்தினார்கள். பிறந்த எலிகளில் சில நலமாகவே வளர்ந்தன. புற்றுநோய்ச் செல்லின் வழித்தோன்றல்கள் அவற்றின் உடலில் சாதாரணத் திசுக்களாகக் கலந்திருந்தன. இந்தச் சோதனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்லப்போகிறேன்.

அந்தக் கருப்புற்றுச் செல்களை வளர்த்துப் பழகிய கைப்பக்குவத்தை வைத்துத்தான் 1981இல் மார்ட்டின் எவான்ஸும் மாத்யூ காஃப்மனும் ஒரு பக்கம், கெயில் மார்ட்டின் இன்னொரு பக்கம், சாதாரண எலிக் கருவிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுத்தார்கள். மனிதக் கருவிலிருந்து எடுக்க 1998 ஆயிற்று, அதைச் செய்தவர் ஜேம்ஸ் தாம்சன்.

சரி, அந்தத் திறனை உள்ளே தாங்கிப் பிடிப்பது எது?

ஆக்ட்4, சாக்ஸ்2, நானாக் மூன்றும் டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் போய் உட்கார்ந்து, எந்த மரபணு படியெடுக்கப்படலாம், எது கூடாது என்று தீர்மானிக்கிற புரதங்கள். ஆக்ட்4ம் சாக்ஸ்2ம் பெரும்பாலும் ஜோடியாகவே உட்காரும். 2005இல் ரிச்சர்ட் யங் குழுவினர் மனிதக் கரு ஸ்டெம் செல்லில் இவை எங்கெங்கே இருக்கின்றன என்று தேடியபோது, 353 மரபணுக்களின் வாசலில் மூன்றும் சேர்ந்தே இருந்தன. அந்தப் பட்டியலில் அவற்றின் சொந்த மரபணுக்களும் அடக்கம். ஆக்ட்4 தன்னையும் தூண்டுகிறது, மற்ற இரண்டையும் தூண்டுகிறது. மற்றவையும் அப்படியே. முக்காலியின் கால்கள் போல ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. செல் பிரியும்போது இரண்டு மகள் செல்களுக்கும் இந்தப் புரதங்கள் பங்காகப் போவதால், அங்கேயும் அதே சுற்று தொடர்ந்து ஓடுகிறது. செல்லுக்குத் தான் யார் என்ற நினைவு இப்படித்தான் நிலைக்கிறது.

ஆனால் இந்த நினைவு கொஞ்சத்தில் கலைந்துவிடும். ஹிட்டோஷி நிவா 2000இல் எலி ஸ்டெம் செல்லில் ஆக்ட்4இன் அளவை மட்டும் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். பாதியளவுக்குக் கீழே இறங்கினால் செல் நச்சுக்கொடியை உண்டாக்கும் வகையாக மாறியது. இரண்டு மடங்குக்கும் குறைவாகக் கூட்டினால்கூட வேறு திசைகளில், கருவின் உள்ளடுக்கும் நடு அடுக்குமாகப் பிரிந்து போயிற்று. நடுவில் உள்ள குறுகலான அளவில் மட்டும் ஸ்டெம் செல்லாகவே இருந்தது. இந்தச் சோதனையை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். ‘ஆக்ட்4 இருந்தால் ஸ்டெம் செல், இல்லாவிட்டால் இல்லை’ என்று சுவிட்சு போலப் பேசுவது தவறு என்று இது காட்டிவிடுகிறது. எந்தக் கதவும் பூட்டப்படாமல், எந்தக் கதவின் வழியாகவும் இன்னும் வெளியேறாமல் நடுக்கூடத்தில் நிற்பதுதான் பன்முகத்திறன். கொஞ்சம் அசைந்தாலும் ஏதோ ஒரு கதவு இழுத்துக்கொள்ளும்.

நானாக் இதில் சற்று வேறு மாதிரி. என்றும் இளமை மாறாத நாடான ‘டீர் நா நோக்’ என்ற அயர்லாந்துப் பழங்கதையிலிருந்து 2003இல் அதற்குப் பெயர் வந்தது. பெயருக்கு மாறாக அதன் அளவு நிலையாக இருப்பதே இல்லை. ஒரே தட்டில் ஒரே குடும்பத்துச் செல்களில்கூட ஒன்றில் அதிகமாக இருக்கும், பக்கத்துச் செல்லில் குறைவாக. குறைந்த செல் உடனே திறனை இழந்துவிடாது, ஆனால் எளிதில் வழி மாறும். மறுபடி ஏறவும் ஏறலாம்.

வெளியிலிருந்து வரும் சமிக்ஞைகள் இந்தச் சுற்றை நிமிர்த்தியும் வைக்கும், கவிழ்த்தும் விடும். இந்தச் செல்களை வளர்த்த கைக்கு அது நன்றாகத் தெரியும். நலமாக உள்ள எலி ஸ்டெம் செல் காலனி, அதாவது செல் கூட்டம், குட்டிக் குன்று போல எழும்பி, ஓரம் பளபளவென்று மின்னும். ஒரு செல்லையும் அடுத்ததையும் பிரிக்கும் கோடுகூடச் சரியாகத் தெரியாது. மீடியம் என்ற வளர்ப்புத் திரவத்தில் லிஃப் என்ற புரதத்தைச் சேர்க்க மறந்தால் சில நாட்களில் காலனி தட்டையாகிவிடும், ஓரம் கலைந்து செல்கள் நட்சத்திரம் போல நீளத் தொடங்கும். லிஃப் இருக்கும்வரை அது ஸ்டாட்3 என்ற புரதத்தை எழுப்பி உள்சுற்றுக்குக் கைகொடுக்கிறது. மனிதக் கரு ஸ்டெம் செல்லுக்கோ லிஃப் போதாது. அதற்கு எஃப்ஜிஎஃப்2, ஆக்டிவின் என்ற புரதங்கள் வேண்டும். காலனியும் தட்டையாகவே இருக்கும். கரு வளர்ச்சியில் அது எலிச் செல்லைவிட ஒரு படி பிந்திய நிலையில் இருப்பதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

2008இல் ஆஸ்டின் ஸ்மித்தின் குழு ஒரு நுட்பமான விஷயத்தைக் காட்டியது. எலி ஸ்டெம் செல்லுக்கு வெளியிலிருந்து பெரிய தூண்டுதல் எதுவும் தேவையில்லை. அதைக் கலைக்கிற சமிக்ஞையைத் தடுத்தாலே போதும். எர்க் என்ற சமிக்ஞைப் பாதையை அடைக்க ஒரு மருந்து, ஜிஎஸ்கே3 என்ற நொதியை அடைக்க இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் செல்கள் கருநிலையிலேயே அமைதியாகப் பெருகிக்கொண்டிருக்கும்.

கேள்விக்கான பதில் இங்கேயே தொடங்கிவிடுகிறது. எர்க் பாதைதான் ராஸ், பிராஃப் மரபணுக்கள் கெட்டுப்போன புற்றுநோய்களில் ஓயாமல் எரிந்து செல்லைப் பெருகச் செய்வது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் எர்க்குக்கு முந்திய மெக் என்ற நொதியை அடைப்பவை. அதே வகை மருந்தைத்தான் ஸ்டெம் செல் தட்டில் சேர்க்கிறோம். புற்றுநோயில் அது பெருக்கத்தை நிறுத்துகிறது, ஸ்டெம் செல்லில் கருநிலையைக் காக்கிறது. கம்பி ஒன்றுதான், மறுமுனையில் மாட்டியிருப்பது வேறு. எந்தப் புரதம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ‘இரண்டும் ஒன்று’ என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் குரோமாட்டின். டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த உருண்டைகளில் ஒட்டும் சிறு மெத்தில் குறிகள், அந்த இடத்து மரபணுவைத் திற அல்லது மூடு என்று சொல்கின்றன. 2006இல் பிராட்லி பெர்ன்ஸ்டைன் குழு எலி ஸ்டெம் செல்லில் விசித்திரமான ஒன்றைப் பார்த்தது. பின்னாளில் நரம்பையோ தசையையோ உருவாக்கப்போகிற முக்கியமான மரபணுக்களில் ‘திற’, ‘மூடு’ என்ற இரண்டு குறிகளும் ஒரே இடத்தில் இருந்தன. மூடு என்ற குறியை இடுவது பாலிகோம் என்ற புரதக் கூட்டணி, அதில் வேலை செய்யும் நொதி ஈஇசட்ஹெச்2. கதவு சாத்தியிருக்கிறது, ஆனால் தாழ்ப்பாள் போடவில்லை. வழி தேர்ந்தெடுத்ததும் ஒரு குறி போய்விடும், மற்றது நிலைக்கும்.

2007இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன. ஸ்டெம் செல்லில் பாலிகோம் இப்படி லேசாகச் சாத்தி வைத்திருக்கும் மரபணுக்கள்தான், புற்றுநோயில் டி.என்.ஏ.விலேயே மெத்தில் ஒட்டி நிரந்தரமாகப் பூட்டப்படும் வாய்ப்பு மிக அதிகமுள்ளவை. வளர்ந்து ஒரு வேலையில் அமர வேண்டிய செல் அந்த வழிகளை இழந்து பெருகிக்கொண்டே இருக்கிறது. ஸ்டெம் செல் எல்லா வழிகளையும் திறந்து வைத்திருப்பதால் முதிராமல் இருக்கிறது. புற்றுநோய் செல்லோ வழிகள் அடைபட்டுப்போனதால் முதிராமல் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ‘முதிராத செல்’. உள்ளே நிலைமை தலைகீழ்.

இனி, வளர்ந்த செல்லைக் கருநிலை ஸ்டெம் செல்லாகத் திருப்பிய யாமனாகாவின் சோதனை. ஜான் கர்டன் 1962இலேயே தவளைக் குஞ்சின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து முட்டைக்குள் வைத்து, நீந்தும் தவளைக் குஞ்சை உருவாக்கிக் காட்டியிருந்தார். வளர்ந்த செல்லின் டி.என்.ஏ. எதையும் தொலைத்துவிடவில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது. முட்டையில் அந்த மாற்றத்தைச் செய்வது எது என்பதுதான் தெரியவில்லை. ஷின்யா யாமனாகாவும் கசுதோஷி தகாஹாஷியும் சந்தேகத்துக்குரிய 24 மரபணுக்களை எடுத்து, எல்லாவற்றையும் எலியின் தோல் செல்லுக்குள் ஒன்றாக ஏற்றினார்கள். காலனி வந்தது. பிறகு ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார்கள். எதை எடுத்தால் காலனி வரவில்லையோ அது அவசியம். கடைசியில் மிஞ்சியவை நான்கு: ஆக்ட்4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக். 2006இல் எலியில், 2007இல் மனிதச் செல்லில். 2012இல் கர்டனுக்கும் யாமனாகாவுக்கும் நோபல் பரிசு.

நானாக் அந்த நான்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள். சுற்று ஓடத் தொடங்கிவிட்டால் நானாக் தானாக எழுந்துகொள்கிறது. சி-மிக் இருப்பதையும் கவனியுங்கள். அது புற்றுநோய் ஆய்வில் மிகப் பழகிய பெயர். பர்கிட் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் 8ஆம் குரோமோசோமிலிருந்து உடைந்து வேறு இடத்தில் ஒட்டிக்கொண்டு வெறிபிடித்தாற்போல் வேலை செய்வது இதுதான். யாமனாகா குழு 2007இல் இப்படி மாற்றிய செல்களைக் கருவில் கலந்து பிறப்பித்த எலிகளின் குட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குக் கட்டி வந்தது. உள்ளே நுழைத்த சி-மிக் மறுபடி விழித்துக்கொண்டதே காரணம். சி-மிக் இல்லாமலும் செய்யலாம் என்று அடுத்த ஆண்டே காட்டினார்கள், ஆனால் வெற்றி விகிதம் மிகவும் குறைந்தது. மிக் வேகத்தைக் கொடுக்கிறது. திசையைக் கொடுப்பவை மற்றவை.

நான்கையும் ஏற்றினாலும் ஆயிரத்தில் ஒரு செல்கூட அன்றைக்கு மாறவில்லை. ஏன்? 2009இல் பல குழுக்கள் ஒரே சமயத்தில் ஒரு காவலாளியைக் கண்டுபிடித்தன: பி53. புற்றுநோயைத் தடுக்கிற அதே பி53 தான் அடையாள மாற்றத்தையும் தடுத்துக்கொண்டிருந்தது. அதை விலக்கினால் மாற்றம் பல மடங்கு எளிதாயிற்று. அப்படி மாறிய செல்களில் டி.என்.ஏ. சேதத்தோடு இருப்பவையும் உள்ளே வந்துவிட்டன என்பது வேறு. ஒரு செல் தன் அடையாளத்தைக் கைவிடுவதையே உடல் ஆபத்தாகப் பார்க்கிறது என்று நான் இதைப் படிக்கிறேன்.

2014இல் யசுஹிரோ யமாடாவின் குழு செய்த சோதனை இந்த இடத்துக்கு மிகவும் பொருத்தம். உயிருள்ள எலிக்குள் அந்த நான்கு மரபணுக்களையும் சில நாட்கள் மட்டும் இயக்கிவிட்டு நிறுத்தினார்கள். முழுக்கக் கருநிலைக்குப் போகவில்லை, பழைய நிலைக்கும் திரும்பவில்லை. பாதியில் நின்ற செல்கள் சிறுநீரகத்தில் புற்றுநோயாகின. குழந்தைகளுக்கு வரும் வில்ம்ஸ் கட்டியின் சாயல் அதற்கு இருந்தது. டி.என்.ஏ.வின் எழுத்துகளில் கோளாறு எதுவும் அவர்களுக்குத் தென்படவில்லை. மாறியிருந்தது மெத்தில் குறிகள்தான். அந்தக் கட்டிச் செல்களை முழுமையாக ஸ்டெம் செல்லாக மாற்றி எலிக்குள் கலந்தபோது அவை சாதாரணச் சிறுநீரகத்தையே கட்டின. ஆபத்து பாதி வழியில் இருந்தது.

இப்போது சாதாரணமாக மனிதருக்கு வரும் புற்றுநோய்களுக்கு வருவோம். 2008இல் ஒரு பெரிய ஒப்பீடு வெளியாயிற்று. மார்பகம், மூளை, சிறுநீர்ப்பை ஆகியவற்றின் முதிர்ச்சி குறைந்த, மோசமான கட்டிகளில் கரு ஸ்டெம் செல்லின் மரபணுச் சாயல் தெரிகிறது என்றது அது. கேள்வியில் சொன்ன கருத்து பெரும்பாலும் அந்தக் காலத்தில் பரவியதுதான். 2010இல் ஸ்டூவர்ட் ஆர்கின் குழு அந்தச் சாயலை மூன்றாகப் பிரித்தது: ஆக்ட்4, நானாக் சூழ்ந்த மையக் கூட்டம் ஒன்று, பாலிகோம் கூட்டம் ஒன்று, மிக் கூட்டம் ஒன்று. புற்றுநோயில் அப்படியே ஒத்துப்போனது மிக் கூட்டம். மையக் கூட்டம் ஒத்துப்போகவில்லை. புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களின் உற்பத்தி, வளர்சிதை மாற்றம், செல் பிரிதல் ஆகியவற்றை முடுக்கிவிடும் மரபணுக்கள் இரண்டிலும் ஒன்றுபோல உயர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். வேகமாகப் பெருகும் எந்தச் செல்லிலும் அதை எதிர்பார்க்கலாம்.

‘ஆனால் என் நோய்க்கட்டியில் ஆக்ட்4 கண்டுபிடித்தோம்’ என்று ஏராளமான கட்டுரைகள் இருக்கின்றனவே? இருக்கின்றன. அவற்றில் பலவற்றை நான் நம்புவதில்லை, அதற்குக் காரணம் உண்டு. மனித மரபணுத் தொகுதியில் ஆக்ட்4க்குப் போலி நகல்கள் பல உள்ளன. ஆர்.என்.ஏ.வை அளக்கும் பி.சி.ஆர். சோதனையைக் கவனமாக அமைக்காவிட்டால் போலி நகலைப் பிடித்துக்கொண்டு ஆக்ட்4 என்று சொல்லிவிடும். அந்த நகல்களில் ஒன்று 8ஆம் குரோமோசோமில் மிக் மரபணுவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டியில் மிக் பெருகும்போது அதுவும் கூடவே பெருகலாம். போதாததற்கு ஆக்ட்4 மரபணுவிலிருந்தே இரண்டு வடிவங்கள் வருகின்றன. பன்முகத்திறனுக்கு வேண்டியது ‘ஏ’ வடிவம், அது உட்கருவுக்குள் இருக்கும். ‘பி’ வடிவத்துக்கு அந்த வேலை தெரியாது. எதிர்ப்புரதச் சாயம் உட்கருவுக்கு வெளியே படிந்திருக்கிற படத்தைப் போட்டுவிட்டு ‘ஆக்ட்4 உள்ள புற்று ஸ்டெம் செல்’ என்று எழுதுவது சரியில்லை. இன்னொன்று: 2007இல் ருடால்ஃப் ஜீனிஷ் குழு எலியின் குடல், மஜ்ஜை, மூளை, கல்லீரல் போன்ற திசுக்களிலிருந்து ஆக்ட்4ஐ அடியோடு நீக்கிப் பார்த்தது. அந்தத் திசுக்கள் எப்போதும்போலத் தங்களைப் புதுப்பித்துக்கொண்டன. வளர்ந்த உடலின் ஸ்டெம் செல்லுக்கே தேவைப்படாத ஒன்று, அதிலிருந்து வரும் புற்றுநோய்க்கு இன்றியமையாதது என்று சொல்ல வலுவான சான்று வேண்டும்.

சாக்ஸ்2 கதை வேறு. நுரையீரல், உணவுக்குழாய் ஆகியவற்றின் செதிள் செல் புற்றுநோய்களில் சாக்ஸ்2 மரபணு உண்மையாகவே பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது, கட்டி அதை நம்பித்தான் வாழ்கிறது. ஆனால் அங்கே அதன் ஜோடி ஆக்ட்4 கிடையாது. பி63 என்ற புரதத்தோடு சேர்ந்து அது நடத்துவது செதிள் செல்லின் சொந்த நிரல். உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் கருவில் உருவாகும்போதே சாக்ஸ்2 அங்கே வேலை செய்கிறது. எனவே அந்தக் கட்டி கருவுக்குத் திரும்பவில்லை, தன் குலத்தொழிலையே அளவு மீறிச் செய்கிறது. கேஎல்எஃப்4 சில திசுக்களில் புற்றைத் தடுக்கிறது, சிலவற்றில் வளர்க்கிறது. லின்28 என்ற புரதம் மட்டும் ஓரளவு உண்மையான கருநிலைச் சொத்து. லெட்-7 என்ற நுண் ஆர்.என்.ஏ.வை அடக்கி மிக், ராஸ் போன்றவற்றின் கடிவாளத்தைத் தளர்த்துகிறது, பல கட்டிகளில் அது மறுபடி எழுகிறது. அதுவும் வேகத்தின் பக்கம்தான்.

‘புற்று ஸ்டெம் செல்’ என்ற சொல்லையும் இங்கே ஒதுக்கிவிட முடியாது. 1990களில் ஜான் டிக், ரத்தப் புற்றில் ஒரு சிறு பகுதிச் செல்களே நோயை மறுபடி உண்டாக்குகின்றன என்று காட்டினார். அந்தச் செல்கள் ரத்த ஸ்டெம் செல்லைப் போலத் தங்களைப் புதுப்பித்துக்கொள்பவை. பன்முகத்திறன் அவற்றுக்குக் கிடையாது, தேவையும் இல்லை. அந்தப் பெயரில் உள்ள ‘ஸ்டெம்’ கரு ஸ்டெம் செல்லைக் குறிப்பதில்லை.

சரி, அந்த விதிவிலக்கு. விரையில் வரும் இனச்செல் கட்டிகளில் செமினோமா, கருப்புற்று என்ற இரண்டு வகைகளிலும் ஆக்ட்4 உட்கருவில் திட்டவட்டமாக இருக்கிறது. நோய்க்குறியியல் மருத்துவர் சீவலில் சாயமிட்டுப் பார்க்கும்போது ஒவ்வொரு உட்கருவும் அடர் பழுப்பாக எழுந்து நிற்கும். பக்கத்தில் உள்ள சாதாரணத் திசு நீலமாகவே இருக்கும். இவ்வளவு சுத்தமான குறியீடு நோயறிதலில் அரிது, அதனால் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். 12ஆம் குரோமோசோமின் குட்டைக் கை இந்தக் கட்டிகளில் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும், நானாக் மரபணு இருப்பதும் அங்கேதான்.

இந்த நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவிய பிறகும் சிஸ்பிளாட்டின் சார்ந்த மருந்தால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். திடக் கட்டிகளில் இது அரிய விஷயம். பன்முகத்திறன் உள்ள செல் டி.என்.ஏ. சேதத்தைச் சகித்துக்கொள்ளாது. அதிலிருந்து ஒரு முழு உடல் வர வேண்டும், கெட்டுப்போன செல் சாவதே நல்லது என்ற ஏற்பாடு அதற்குள் இருக்கிறது. இந்தக் கட்டிகளில் பி53 பெரும்பாலும் கெடாமல் இருப்பதால், மருந்து டி.என்.ஏ.வைத் தாக்கியதும் செல் தற்கொலை செய்துகொள்கிறது. சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு வயிற்றில் ஒரு கட்டி மிஞ்சும். எடுத்துப் பார்த்தால் பல நேரங்களில் அது முதிர்ந்த டெரடோமா, அதே குருத்தெலும்பும் குடல் உறையும். பன்முகத்திறன் இருந்த செல்கள் மருந்தில் செத்துவிட்டன, அதிலிருந்து முதிர்ந்து பிரிந்தவை மருந்துக்கு அசையவில்லை. அதை அறுவைச் சிகிச்சையால்தான் எடுக்க வேண்டும். கருநிலைக்குத் திரும்புவதுதான் புற்றுநோயின் பலம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மறுபக்கமும் பார்க்கலாம். ஆய்வகத்தில் வளரும் ஸ்டெம் செல்லே புற்றுநோயின் பக்கம் நகரும். நாளும் மீடியம் மாற்றி வளர்க்கும்போது, வேகமாகப் பிரிகிற அல்லது சாகாத செல் தட்டை மெல்ல ஆக்கிரமித்துவிடுகிறது. 20ஆம் குரோமோசோமில் சாவைத் தடுக்கும் பிசிஎல்2எல்1 மரபணு உள்ள சிறு பகுதி இரட்டிப்பது இப்படி அடிக்கடி நடப்பது. 2017இல் 140 மனிதக் கரு ஸ்டெம் செல் வரிசைகளைச் சோதித்தபோது ஐந்தில் பி53 கெட்டிருந்தது. ஜப்பானின் கோபேயில் 2014இல் தன் சொந்தத் தோல் செல்லிலிருந்து உண்டாக்கிய விழித்திரைத் திசுவை முதல் நோயாளி பெற்றார். இரண்டாவது நோயாளியின் செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததும் அந்தச் சிகிச்சையை நிறுத்தி வைத்தார்கள். அந்த எச்சரிக்கை சரியானதுதான்.

கேள்வியின் கடைசிப் பகுதி: அந்த மரபணுக்களை அடக்கினால் நோய் அடங்குமா? பெரும்பாலான கட்டிகளில் ஆக்ட்4 இல்லாததால் அதை அடக்கிப் பயனில்லை. செல்லை முதிரச் செய்து நோயைத் தீர்க்கலாம் என்ற எண்ணம் மட்டும் ஓரிடத்தில் அருமையாகப் பலித்தது. தீவிர புரோமைலோசைட்டிக் ரத்தப் புற்றில் 15, 17ஆம் குரோமோசோம்கள் உடைந்து ஒட்டி உண்டாகும் புரதம், வெள்ளணுக்களை முதிர விடாமல் பிடித்து வைக்கிறது. ஷாங்காயில் வாங் ஜென்யியின் குழு ரெட்டினாயிக் அமிலத்தை மருந்தாகக் கொடுத்தது. 1988இல் வெளியான அவர்களின் அறிக்கையில் 24 நோயாளிகளிடமும் நோய்க்குறி முழுமையாக மறைந்திருந்தது. புற்றுச் செல்கள் முதிர்ந்து, வயதாகி, இயல்பாக மடிந்தன. பின்னர் ஆர்சனிக்கும் சேர்ந்தபோது மிகக் கொடிய அந்த நோய் பெரும்பாலும் குணமாகிற நோயாக மாறியது. அங்கே பிடித்து வைத்திருந்தது ஒரே ஒரு புரதம், மருந்து அதையே தாக்கியது. பாலிகோமின் ஈஇசட்ஹெச்2ஐத் தடுக்கும் டாசெமெட்டோஸ்டாட் 2020இல் அமெரிக்காவில் ஒரு அரிய சார்கோமாவுக்கும் ஒரு வகை லிம்ஃபோமாவுக்கும் அனுமதி பெற்றது. அதே ஈஇசட்ஹெச்2 செயலிழப்பதாலேயே வளரும் ரத்தப் புற்றுகளும் உண்டு. எனவே எங்கும் கொடுக்கக்கூடிய மருந்தல்ல அது.

இதற்கு நேர்மாறாக, புற்றுச் செல்லை முழுக்கக் கருநிலைக்கே கொண்டுபோனால் நோய் அழிந்துவிடுமா? இதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். கான்ராட் ஹாக்கெட்லிங்கரும் ஜீனிஷும் 2004இல் எலியின் மெலனோமா செல்லிலிருந்து உட்கருவை எடுத்து முட்டைக்குள் வைத்து, அதிலிருந்து ஸ்டெம் செல் வரிசையை உருவாக்கினார்கள். அவை கலந்து பிறந்த எலிகளில் அந்தச் செல்கள் தோலாகவும் ரத்தமாகவும் நிறமிச் செல்லாகவும் ஒழுங்காக மாறின. மெத்தில் குறிகள், குரோமாட்டின் பூட்டுகள் எல்லாம் துடைக்கப்பட்டிருந்தன. மின்ட்ஸின் எலிகளில் சில நலமாக வளர்ந்தன என்று முன்னால் சொன்னேன். இந்த எலிகளுக்கோ மெலனோமா மறுபடி வந்தது, முன்னைவிட விரைவாக. டி.என்.ஏ.வின் எழுத்திலேயே பதிந்திருந்த பிழைகளை முட்டையால் துடைக்க முடியவில்லை.